ஜெர்மனியில் வதிவிட அனுமதி: முகவரிப் பதிவிலிருந்து அட்டை கைக்கு வரும் வரை

கடவுச்சீட்டில் ஒட்டியிருக்கும் டி வகை விசா ஜெர்மனிக்குள் நுழைவதற்கானது. பெரும்பாலும் 3 முதல் 6 மாதம், சிலருக்கு 12 மாதம் வரை செல்லும். அதற்கு மேலும் தங்க வேண்டுமானால் வதிவிட அனுமதி வேண்டும். ஏ.டி.எம். கார்டு அளவில், சிப் வைத்த பிளாஸ்டிக் அட்டையாக 2011 செப்டம்பரிலிருந்து அதைக் கொடுக்கிறார்கள்.

தகுதி எல்லாம் இருந்தும் இதில் மாட்டிக்கொண்டு விழிப்பவர்கள் நிறையப் பேர். தேதி தவறியிருக்கும், ஒரு தாள் குறைந்திருக்கும், அல்லது வாசல் அஞ்சல்பெட்டியில் பெயர் ஒட்டாமல் விட்டிருப்பார்கள். ஆகவே சட்டத்தைவிட நாள்காட்டியைத்தான் இங்கே அதிகம் பார்க்கப் போகிறோம்.

இரண்டு அலுவலகங்களைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்

முகவரியைப் பதிவது பூர்கராம்ட் என்ற குடிமக்கள் அலுவலகத்தில். தங்கும் அனுமதி கொடுப்பது அவுஸ்லெண்டர்பெஹோர்டெ என்ற வெளிநாட்டவர் அலுவலகம். பெர்லினில் இதற்கு 2020 முதல் குடிவரவு மாநில அலுவலகம் என்று பெயர், சுருக்கமாக எல்.இ.ஏ. முதல் அலுவலகத்தில் பதிந்துவிட்டால் இரண்டாவது வேலையும் முடிந்தது என்று நினைத்து, விசா தீர்வதற்கு நான்கு நாள் இருக்கும்போது பதறுவது புதிதாக வருபவர்களுக்கு வழக்கமாக நேர்வது. ஒன்று முடிந்தால்தான் இன்னொன்றைத் தொடங்க முடியும், ஆனால் ஒன்றுக்குப் பதில் இன்னொன்று ஆகாது.

முதல் படி: முகவரிப் பதிவு

வீட்டுக்குள் குடிபோன நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள் அன்மெல்டுங் எனப்படும் முகவரிப் பதிவைச் செய்ய வேண்டும். கணக்கு ஜெர்மனியில் இறங்கிய நாளிலிருந்து இல்லை, வீட்டில் குடியேறிய நாளிலிருந்து. பெரிய நகரங்களில் இரண்டு வாரத்துக்குள் நேரம் கிடைப்பதே அரிது. அப்படியானால் கிடைக்கும் முதல் தேதியை முன்பதிவு செய்து, அதன் உறுதி மின்னஞ்சலை வைத்திருங்கள். முயற்சி செய்ததற்கு அத்தாட்சி இருந்தால் தாமதத்துக்காக யாரும் பொதுவாகத் தொல்லை செய்வதில்லை.

எடுத்துப் போக வேண்டியவை: கடவுச்சீட்டு, நிரப்பிய படிவம், வீட்டுக்காரர் கையொப்பமிட்ட வோனுங்ஸ்கேபர்பெஷ்டேட்டிகுங். இந்த நீண்ட சொல்லின் பொருள், ‘இன்னார் இன்ன தேதியில் இந்த வீட்டில் குடிவந்தார்’ என்று வீடு கொடுத்தவர் தரும் சான்று. வாடகை ஒப்பந்தம் இதற்கு ஈடாகாது. உள்வாடகைக்கு இருந்தால் முதன்மை வாடகைதாரர் கையொப்பமிடலாம். ‘அறை உண்டு, பதிவு கிடையாது’ என்று வரும் விளம்பரங்களை ஒதுக்கிவிடுங்கள். பதிவில்லாத வீட்டிலிருந்து அடுத்த படி எதுவும் நகராது. காசு வாங்கிக்கொண்டு வெறும் முகவரி மட்டும் தருகிறவர்களிடமும் போகவே கூடாது. குடியிருக்காத முகவரியைப் பதிவுக்குக் கொடுப்பவருக்கு 50,000 யூரோ வரை அபராதம் போட சட்டத்தில் இடமிருக்கிறது. பொய்யாகப் பதிந்தவரின் அனுமதிக் கோப்பும் கெடும்.

பதிவு முடிந்ததும் கையிலேயே மெல்டெபெஷைனிகுங் என்ற பதிவுச் சான்று தருவார்கள். சில வாரத்தில் 11 இலக்க வரி எண் அஞ்சலில் வரும். அதோடு ஒலிபரப்புக் கட்டணம் கேட்டும் கடிதம் வரும், மாதம் 18.36 யூரோ. வீட்டில் தொலைக்காட்சி இல்லை என்று சொல்லித் தப்பிக்க முடியாது. ஒரு வீட்டுக்கு ஒன்றுதான் என்பதால், உடன் தங்குபவர் கட்டுகிறாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அன்றே வீட்டுக்கு வந்ததும் அஞ்சல்பெட்டியிலும் அழைப்புமணியிலும் உங்கள் பெயரை ஒட்டிவிடுங்கள், கடவுச்சீட்டில் இருக்கும் எழுத்திலேயே. பெட்டியில் பெயர் இல்லையென்றால் அஞ்சல்காரர் கடிதத்தைத் திருப்பிக் கொண்டுபோய்விடுவார். அலுவலகத்தின் கடிதமாயிருந்தாலும் இதே கதிதான்.

பெயர்ச் சிக்கல்

இது நம்மவர்களுக்கே உரிய தலைவலி. தமிழர் கடவுச்சீட்டுகளில் குடும்பப்பெயர் கட்டம் காலியாக இருப்பது சர்வசாதாரணம். ஜெர்மன் படிவத்துக்குக் குடும்பப்பெயர் இல்லாமல் ஓடாது. சில அலுவலகங்களில் முழுப்பெயரையும் குடும்பப்பெயர் கட்டத்தில் போட்டுவிட்டு முதற்பெயர் இடத்தில் ஒரு கோடு இழுத்துவிடுவார்கள். வங்கியில் வேறு மாதிரி, காப்பீட்டில் இன்னொரு மாதிரி எழுதியிருப்பார்கள். கடைசியில் ஒரே ஆள் மூன்று பேராக நிற்பார். முகவரிப் பதிவில் எப்படி எழுதினார்களோ அதையே மற்ற எல்லா இடத்திலும் கொடுங்கள். ஊரை விட்டுக் கிளம்பு முன்பே கடவுச்சீட்டில் குடும்பப்பெயரைச் சேர்த்துக்கொண்டு வருவது இன்னும் நல்லது. இங்கே வந்தபிறகு மாற்றினால் அனுமதி அட்டையிலிருந்து ஊதியச்சீட்டு வரை எல்லாவற்றையும் திருத்த வேண்டிவரும்.

இரண்டாம் படி: எந்த அனுமதி?

வேலைக்கு வந்தவர்களுக்கு முக்கியமானவை இரண்டு. பட்டம் அல்லது தொழிற்பயிற்சி பெற்ற தகுதிப் பணியாளருக்கான சாதாரண அனுமதி ஒன்று, நீல அட்டை என்ற ஐரோப்பிய புளூ கார்டு மற்றொன்று. நீல அட்டைக்கு ஊதிய வரம்பு உண்டு. ஓய்வூதியக் காப்பீட்டுக் கட்டணம் கணக்கிடும் ஆண்டு ஊதிய உச்சவரம்பில் பாதி என்பது பொது விதி. கணினி, பொறியியல், மருத்துவம் போன்ற ஆள் பற்றாக்குறைத் துறைகளுக்கும், பட்டம் பெற்று மூன்று ஆண்டு ஆகாதவர்களுக்கும் 45.3 விழுக்காடு போதும். 2025-இல் இவை 48,300 யூரோவும் 43,759.80 யூரோவும். ஒவ்வொரு ஜனவரியிலும் தொகை மாறும். பிடித்தம் போகாத ஆண்டு மொத்த ஊதியத்தைத்தான் பார்ப்பார்கள். வரம்பைத் தொடுகிறது என்றால் நீல அட்டையையே கேளுங்கள். குடும்பத்தை அழைப்பது, நிரந்தர அனுமதி, வெளிநாட்டில் தங்குவது என மூன்றிலும் அது சலுகை தருகிறது.

மாணவர்களுக்கு ஷ்பெர்கோன்டோ என்ற முடக்கக் கணக்கில் ஆண்டுக்கு 11,904 யூரோ, அதாவது மாதம் 992, காட்ட வேண்டும். ஆண்டுக்கு 140 முழுநாள் அல்லது 280 அரைநாள் வேலை செய்யலாம். படிப்பு முடிந்ததும் வேலை தேட 18 மாத அனுமதி உண்டு, ஆனால் அது தானாக வராது. தேர்வு முடிவு வந்ததும் விண்ணப்பிக்க வேண்டும்.

மூன்றாம் படி: தாள்களைச் சேர்ப்பது

வேலை அனுமதிக்கு வழக்கமாகக் கேட்பவை: கடவுச்சீட்டு, முகவரிப் பதிவுச் சான்று, வாடகை ஒப்பந்தம், வேலை ஒப்பந்தம், பணியமர்த்துபவர் நிரப்பிக் கையொப்பமிட வேண்டிய வேலை விவரப் படிவம், பட்டச் சான்றும் அதன் மதிப்பீடும், கடைசி மூன்று மாத ஊதியச்சீட்டு, மருத்துவக் காப்பீட்டுச் சான்று, விண்ணப்பப் படிவம்.

இவற்றில் வேலை விவரப் படிவம்தான் அதிகம் தாமதமாகும். மனிதவளத் துறையின் மேசையில் மூன்று வாரம் கிடக்கும். ஆகவே முதல் நாளே அதைக் கொடுத்துவிட்டு மற்ற தாள்களைத் தேடுங்கள். அடுத்தது காப்பீடு. விசாவுக்காக ஊரில் எடுத்த பயணக் காப்பீடு இங்கே செல்லாது. அரசு முறைக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் சேர்ந்து, உறுப்பினர் சான்று என்று குறிப்பிட்டுக் கேட்டு வாங்குங்கள். பிளாஸ்டிக் காப்பீட்டு அட்டையின் நகல் போதாது. மாதம் முப்பது யூரோ சொல்லும் மலிவான ‘புதுவரவுக் காப்பீடு’களை நம்பி வந்து, அனுமதிச் சன்னலில் திருப்பி அனுப்பப்படுவது அடிக்கடி நடக்கிறது.

2025 மே முதல் தாளில் அச்சிட்ட புகைப்படத்துக்கு இடமில்லை. அங்கீகாரம் பெற்ற புகைப்படக்கடையில் எடுத்தால் படம் நேரே பாதுகாப்பான சேமிப்புக்குப் போய்விடும். உங்களுக்குக் கிடைப்பது கட்டம் கட்டமான குறியீடு அச்சிட்ட ஒரு துண்டு. அலுவலகத்தில் கருவி இருந்தால் அங்கேயே 6 யூரோவுக்கு எடுத்துக்கொள்ளலாம்.

திருமண, பிறப்புச் சான்றுகள் தமிழில் இருந்தால் ஜெர்மனியில் உறுதிமொழி எடுத்த மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து மொழிபெயர்க்க வேண்டும். இந்தியச் சான்றில் அப்போஸ்டில் என்ற பன்னாட்டு அத்தாட்சி முத்திரை வாங்கினால் போதும் என்று ஊரில் முகவர்கள் சொல்வார்கள். இந்தியா அந்த முத்திரைக்கான உடன்படிக்கையில் சேர்ந்ததை ஜெர்மனி ஏற்காததால் அந்த முத்திரை மட்டும் இங்கே போதாது. உங்கள் வழக்குக்கு எது வேண்டும் என்று அலுவலகத்திடம் எழுத்தில் கேட்டுக்கொண்டு பிறகு செலவு செய்யுங்கள்.

நான்காம் படி: தேதி தவறாமல் விண்ணப்பம்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். விசா அல்லது பழைய அனுமதி தீரும் நாளுக்கு முன் உங்கள் விண்ணப்பம் அலுவலகத்தைச் சென்று சேர்ந்திருக்க வேண்டும். நேர்காணல் தேதி அதற்குப் பிறகு எப்போது கிடைத்தாலும் பரவாயில்லை. உரிய நேரத்தில் விண்ணப்பித்தவரின் பழைய அனுமதி, முடிவு வரும்வரை தொடர்வதாகக் கொள்ளப்படும். குடியிருப்புச் சட்டத்தின் 81-ஆம் பிரிவு, 4-ஆம் உட்பிரிவு இதைச் சொல்கிறது. ஒரு நாள் பிந்தினாலும் இந்தப் பாதுகாப்பு தானாகக் கிடைக்காது. பிறகு அலுவலரின் கருணைதான்.

ஆகவே தீருவதற்கு 8 முதல் 12 வாரம் முன்பே இணையப் படிவத்தில் விண்ணப்பியுங்கள். நேரம் முன்பதிவு செய்வதையே விண்ணப்பம் என்று நினைத்துவிடக் கூடாது. இணையத்தில் இடமே கிடைக்கவில்லையென்றால் ஃபோர்ம்லோசர் அன்ட்ராக், அதாவது படிவம் இல்லாத எளிய விண்ணப்பம், அனுப்புங்கள். பெயர், பிறந்த தேதி, முகவரி, இப்போதுள்ள அனுமதி தீரும் தேதி, ‘என் வதிவிட அனுமதியை நீட்டிக்க விண்ணப்பிக்கிறேன்’ என்ற ஒரு வரி, கையொப்பம். அவ்வளவுதான். மின்னஞ்சலிலும் அனுப்புங்கள், பதிவஞ்சலிலும் அனுப்புங்கள். ரசீதைக் கடவுச்சீட்டோடு சேர்த்து வையுங்கள். சந்திப்பு நேரத்தைக் காசுக்கு விற்பவர்களிடம் ஏமாற வேண்டாம். அலுவலகம் அதற்குப் பணம் வாங்குவதில்லை.

முடிவு தாமதமானால் ஃபிக்ட்சியோன்ஸ்பெஷைனிகுங், அதாவது முடிவு வரும்வரைக்கான இடைக்காலச் சான்று, கேளுங்கள், 13 யூரோ. மடிக்கும் தாளாக வரும். வாங்கியதும் உள்பக்கத்தைப் பாருங்கள், எந்த உட்பிரிவின் கட்டத்தில் குறியிட்டிருக்கிறார்கள் என்று. 81-ஆம் பிரிவின் 4-ஆம் உட்பிரிவு என்றால் பழைய அனுமதியின் உரிமைகள் அப்படியே தொடரும். வேலைக்குப் போகலாம், ஊருக்குப் போய்த் திரும்பவும் வரலாம். 3-ஆம் உட்பிரிவு என்றால் ஜெர்மனிக்குள் இருக்கலாம், வெளியே போனால் அதை வைத்துத் திரும்ப முடியாது. சென்னையிலோ கொழும்பிலோ விமான நிலையச் சன்னலில் இருப்பவருக்கு இந்த வேறுபாடு தெரியாது, அந்தத் தாளையே பார்த்திருக்க மாட்டார். தாள் மட்டும் கையில் இருக்கும் நாட்களில் கல்யாணம், காதுகுத்து என்று பயணம் போடாமல் இருப்பது நிம்மதி. போயே ஆக வேண்டுமென்றால் தீர்ந்த அட்டையையும் சேர்த்து எடுத்துப் போங்கள், வழியில் நாடு மாறாத விமானமாகப் பாருங்கள்.

ஐந்தாம் படி: சன்னலில்

மூலச் சான்றுகள், நகல்கள் இரண்டும் வேண்டும். கைரேகை எடுப்பார்கள், குழந்தைகளுக்கு 6 வயதிலிருந்து. உயரம், கண்ணின் நிறம் கேட்பார்கள். கட்டணம் முதல் அனுமதிக்கு 100 யூரோ, மூன்று மாதத்துக்கு மேற்பட்ட நீட்டிப்புக்கு 93, நிரந்தர அனுமதிக்குப் பொதுவாக 113. சிறுவர்களுக்குப் பாதி. அட்டையைப் பெர்லினில் உள்ள அரசு அச்சகம் தயாரிக்கிறது. 4 முதல் 6 வாரம் எடுக்கும்.

அனுமதியின் காலம் கடவுச்சீட்டின் காலத்தைத் தாண்டாது. வேலை ஒப்பந்தம் நான்கு ஆண்டுக்கு இருந்தாலும் கடவுச்சீட்டு 14 மாதத்தில் தீர்கிறதென்றால் அட்டையும் 14 மாதத்துக்குத்தான். முதலில் கடவுச்சீட்டைப் புதுப்பித்துக்கொண்டு பிறகு விண்ணப்பிப்பது காசையும் அலைச்சலையும் மிச்சப்படுத்தும்.

அட்டை வந்ததும் என்ன படிக்க வேண்டும்

பெயரும் தேதியும் சரி என்று பார்த்து உறைக்குள் போட்டுவிடுவார்கள் பலர். உண்மையான நிபந்தனைகள் கூட வரும் மடித்த தாளில் இருக்கின்றன. சுசாட்ஸ்பிளாட் என்பார்கள். அதில் ‘இன்ன நிறுவனத்தில் இன்ன பணியாளராக மட்டும் வேலை அனுமதிக்கப்படுகிறது’ என்ற வரி இருந்தால், நிறுவனம் மாறுமுன் அலுவலகத்தின் அனுமதி வேண்டும். ‘பெஷெஃப்டிகுங்’ அனுமதி என்றிருந்தால் சம்பள வேலை மட்டும். ‘எர்வெர்ப்ஸ்டேட்டிக்கைட்’ அனுமதி என்றிருந்தால் சொந்தத் தொழிலும் செய்யலாம். வார இறுதியில் பரதநாட்டிய வகுப்பு எடுத்துக் கட்டணம் வாங்குவதும், வீட்டில் சமைத்து விற்பதும் சொந்தத் தொழில்தான். முதல் வகை அனுமதியோடு இதைச் செய்தால் அடுத்த நீட்டிப்பின்போது வருமான வரிக் கணக்கு காட்டிக்கொடுக்கும்.

இடையில் தவறுபவை

வேலை மாற்றம்: நீல அட்டைக்காரர் முதல் 12 மாதத்துக்குள் மாறினால் அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அவர்கள் 30 நாள் நிறுத்திவைத்து, நிபந்தனை பொருந்தாவிட்டால் மறுக்கலாம். புதிய ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டுவிட்டுப் பழைய வேலையை விடும் முன் இதை முடித்துக்கொள்ளுங்கள்.

வேலை இழப்பு: எந்த வேலைக்காக அனுமதி தந்தார்களோ அது முன்கூட்டியே முடிந்தால், தெரிந்த இரண்டு வாரத்துக்குள் நீங்கள் தெரிவிக்க வேண்டும். நிறுவனம் தன் பங்குக்கு நான்கு வாரத்துக்குள் தெரிவிக்கும், ஆகவே மறைத்துப் பயனில்லை. அனுமதி அன்றே போய்விடாது, ஆனால் காலத்தைக் குறைக்க அலுவலகத்துக்கு அதிகாரம் உண்டு. வேலைவாய்ப்பு அலுவலகத்தில், நீக்கக் கடிதம் வந்த மூன்று நாளுக்குள் பதியுங்கள். கடந்த 30 மாதத்தில் 12 மாதம் காப்பீடு கட்டியிருந்தால் வேலையிழப்புத் தொகை உரிமையாகக் கிடைக்கும். நீங்கள் கட்டிய காப்பீடு அது, வாங்கினால் அனுமதிக்குக் கேடில்லை. வருமானமில்லாதவர்களுக்கு அரசு தரும் வாழ்வூதியம் வேறு. அதை வாங்கினால் நீட்டிப்பில் கேள்வி வரும்.

நீண்ட பயணம்: ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் சாதாரண அனுமதி தானாகவே அழியும். நீல அட்டைக்கும் அந்தக் குடும்பத்தினருக்கும் 12 மாதம். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று போய்த் தங்க நேர்ந்தால், காலம் முடிவதற்கு முன்பே மின்னஞ்சலில் நீட்டிப்புக் கேளுங்கள். முடிந்த பிறகு கேட்டால் பயனில்லை.

ஊர் மாற்றம்: புதிய முகவரியை இரண்டு வாரத்துக்குள் பதிந்தால் அட்டையில் புது முகவரி ஒட்டுவார்கள். வேறு நகரமென்றால் கோப்பு பழைய அலுவலகத்திலிருந்து புதியதற்குப் போக வேண்டும். இதற்கு மாதக்கணக்கில் ஆகலாம். அனுமதி தீரும் தறுவாயில் நகரம் மாறுபவர்கள் இரண்டு அலுவலகத்துக்கும் இடையில் தொங்குவார்கள். முடிந்தால் நீட்டித்துக்கொண்டு பிறகு பெட்டி கட்டுங்கள்.

குடும்பமும் குழந்தையும்

நீல அட்டைக்காரரின் துணைக்கு ஏ1 என்ற தொடக்கநிலை ஜெர்மன் மொழிச் சான்று கட்டாயமில்லை. வந்தபின் தடையில்லாமல் எந்த வேலைக்கும் போகலாம். ஜெர்மனியில் பிறக்கும் குழந்தைக்கு ஆறு மாதத்துக்குள் அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதற்குக் கடவுச்சீட்டு வேண்டும், கடவுச்சீட்டுக்குப் பிறப்புச் சான்று வேண்டும். ஆகவே ஷ்டாண்டெஸாம்ட் என்ற பதிவகத்தில் பன்னாட்டுப் படிவத்திலான பிறப்புச் சான்றையும் சேர்த்தே கேளுங்கள். இந்தியப் பெற்றோர் ஓராண்டுக்குள் இந்தியத் தூதரகத்தில் பிறப்பைப் பதிய வேண்டும். தூதரகம் பெர்லினில், துணைத் தூதரகங்கள் பிராங்க்ஃபுர்ட், ஹாம்பர்க், மியூனிக்கில். தந்தையின் பெயரைக் குழந்தையின் குடும்பப்பெயராக வைக்க நினைப்பவர்கள் பிறப்புப் பதிவின்போதே அதைச் சொல்லிவிட வேண்டும். பிறகு மாற்றுவது பெரும்பாடு.

மஞ்சள் உறை வந்தால்

மறுக்கும் முன் அலுவலகம் பெரும்பாலும் அன்ஹோருங் என்ற கடிதம் அனுப்பி உங்கள் பதிலைக் கேட்கும். இது இன்னும் மறுப்பு ஆகவில்லை. குறித்த நாளுக்குள் பதிலும் விட்டுப்போன தாள்களும் போய்ச் சேர்ந்தால் பல வழக்குகள் இங்கேயே சரியாகிவிடும். மறுப்பு என்றால் மஞ்சள் உறையில் வரும். உறையின் மேல் அஞ்சல்காரர் கையால் எழுதும் தேதியிலிருந்து மேல்முறையீட்டு நாள் ஓடத் தொடங்கும், வழக்கமாக ஒரு மாதம். உறையைக் கிழித்துக் குப்பையில் போடாதீர்கள். எங்கே, எதற்குள் முறையிட வேண்டும் என்பது கடிதத்தின் கடைசிப் பத்தியில் இருக்கும். மாநிலத்துக்கு மாநிலம் அது மாறும். முறையிட்டால் மட்டும் வெளியேற்றம் நின்றுவிடாது, தனியாக நீதிமன்றத்தில் கேட்க வேண்டும். இதை வழக்கறிஞர் இல்லாமல் செய்யப் பார்க்காதீர்கள்.

மூன்று மாதமாகியும் காரணமில்லாமல் முடிவே வரவில்லை என்றால், அலுவலகம் செயலற்றிருக்கிறது என்று நிர்வாக நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம். போடப்போவதாக வழக்கறிஞர் எழுதும் கடிதமே சில வேளை கோப்பை எழுப்பிவிடும்.

நிரந்தர அனுமதி

நீல அட்டைக்காரர் ஏ1 ஜெர்மனோடு 27 மாதத்தில், பி1 என்ற இடைநிலை ஜெர்மன் இருந்தால் 21 மாதத்தில் கேட்கலாம். மற்றத் தகுதிப் பணியாளர்களுக்கு மூன்று ஆண்டு, ஜெர்மனியில் பட்டமோ தொழிற்பயிற்சியோ முடித்தவர்களுக்கு இரண்டு. பொது வழி ஐந்து ஆண்டு, 60 மாத ஓய்வூதியக் கட்டணம், பி1, ‘ஜெர்மனியில் வாழ்க்கை’ தேர்வு. தேர்வில் 33 கேள்விகள், நிரந்தர அனுமதிக்கு 15 சரியாக இருந்தால் போதும். ஆனால் 17 வாங்கிவிடுங்கள். அதே சான்று பிறகு குடியுரிமைக்கும் உதவும். இந்த மாதக் கணக்கைத் தானாக யாரும் நினைவூட்ட மாட்டார்கள். ஓய்வூதியக் காப்பீட்டு நிறுவனத்திடம் கட்டண வரலாற்றை எழுதிக் கேட்டு, விண்ணப்பத்துக்கு இரண்டு மாதம் முன்பே கையில் வைத்திருங்கள்.

நிரந்தர அனுமதியின் அட்டையிலும் ஒரு கடைசித் தேதி அச்சிட்டிருக்கும். அது பிளாஸ்டிக்கின் ஆயுள், உரிமையின் ஆயுள் இல்லை. கடவுச்சீட்டு மாறும்போது 67 யூரோ கட்டிப் புது அட்டை வாங்கிக்கொள்ளலாம்.